பூட்டிய வீட்டுக்கு ஏன் பில் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மின் பகிர்மானத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் வயதான அம்மா ஒருவர் மடித்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார். இரண்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். போகும்போது மெயின் சுவிட்சைக்கூட அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். “ஒரு பல்புகூட எரியலையே தம்பி, இது எதுக்கு?” என்று கேட்டார். பில்லில் யூனிட் பூஜ்யம். கட்ட வேண்டிய தொகை மட்டும் பூஜ்யமாக இல்லை.

நியாயமான கேள்விதான். மின்சார பில்லை முழுதாகப் புரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வியே போதும்.

முதலில் மீட்டரைப் பார்ப்போம். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். சில மீட்டர்களில் 1000, சிலவற்றில் 1600, சிலவற்றில் 3200. 3200 என்றால், விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று கணக்கு. ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்க வைக்கும் 1000 வாட் கெட்டிலை மட்டும் போடுங்கள். 3200 போட்ட மீட்டரானால் நிமிடத்துக்குச் சுமார் 53 தடவை மின்னும். கெட்டிலை அணைத்துவிட்டு 10 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டால், கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மின்னும். வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

சரி, அந்த விளக்கு எண்ணுவது சரக்கை மட்டும்தான். சரக்கு வந்து சேரும் பாதையை அது எண்ணுவதில்லை.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் வேலிக்கு வெளியே தள்ளி நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் இரும்பு உள்ளகம் நொடிக்கு 100 தடவை, சில நாடுகளில் 120 தடவை, மிக நுட்பமாக அதிர்வதால் வரும் சத்தம் அது. எந்த வீடும் மின்சாரம் எடுக்காவிட்டாலும் அந்த இரும்பைக் காந்தமாக்கிக்கொண்டே இருக்க மின்சாரம் செலவாகும். 24 மணி நேரமும் செலவாகும். பூட்டிய வீட்டுக்காகவும் அது விழித்துத்தான் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் என்றில்லை. கம்பம், கம்பி, துணைமின்நிலையம், இவற்றுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி, கம்பியில் உரசும் கிளையை வெட்டுகிறவர், மழையில் கம்பம் ஏறும் லைன்மேன், பில் போடுகிறவர் என்று எல்லாம் சேர்ந்ததுதான் பாதை. இந்தச் செலவில் பெரும்பகுதி, நீங்கள் 10 யூனிட் எடுத்தாலும் 100 யூனிட் எடுத்தாலும் மாறாது. பில்லில் நிலைக்கட்டணம், பகிர்மானக் கட்டணம் என்று வரும் வரிகள் இதற்காகத்தான். சில நாடுகளில் இவை தனித்தனி வரியாக இருக்கும். வேறு சில இடங்களில் யூனிட் விலைக்குள்ளேயே கரைத்திருப்பார்கள்.

அப்படியானால் பாதைச் செலவைக் கூட்டுவது எது? நீங்கள் ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதுதான். இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நாளைக்கு 10 யூனிட். ஒரு வீடு அதை 24 மணி நேரமும் சீராக எடுக்கிறது. இன்னொன்று சாயங்காலம் இரண்டே மணி நேரத்தில் முழுவதையும் எடுத்துவிடுகிறது. யூனிட் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது வீட்டுக்கான கம்பி 12 மடங்கு மின்சாரத்தைத் தாங்க வேண்டும். தெருவில் எல்லோரும் அதே நேரத்தில் இழுத்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாக வேண்டும். மீதி 22 மணி நேரம் அது சும்மாதான் நிற்கும். உச்சநேரத்தில் யூனிட் விலையைக் கூட்டி வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1892-லேயே இதை விளக்கியிருக்கிறார். கேட்கும் நேரத்தில் கொடுக்கத் தயாராக இருப்பதற்கு ஒரு செலவு, கொடுத்த மின்சாரத்துக்கு ஒரு செலவு, கட்டணமும் அதே போல இரண்டாக இருக்கட்டும் என்றார்.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலைக்கட்டணம் தேவை. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்பது நியாயமில்லை. ஒற்றை அறையில் ஒரு ஃபேனும் இரண்டு பல்பும் வைத்திருப்பவருக்கு அது பெரிய சுமை. பாதைச் செலவு முழுவதையும் யூனிட் மேல் ஏற்றினால் வேறொரு அநியாயம் நடக்கும். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் திறக்கும் பெரிய மாளிகைக்காகப் போட்ட லைனுக்கு மற்றவர்கள் பணம் கட்ட வேண்டிவரும். கூரையில் சூரியத் தகடு போட்ட வீட்டுக்கும் இதைப் பார்க்க வேண்டும். பகலில் அந்த வீடு எடுக்கும் யூனிட் குறையும், பொழுது சாய்ந்ததும் அதே கம்பிக்குத்தான் அது திரும்பி வரும். ஆகவே நிலைக்கட்டணம் வீட்டின் மின்பளுவைப் பொறுத்து, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்க அந்த இணைப்புக்கு அனுமதி என்பதைப் பொறுத்து, கிலோவாட் கணக்கில் ஏறி இறங்க வேண்டும் என்பேன்.

ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கம்பி இழுத்தால் வீண்செலவு. அதனால் பாதையை ஒருவரிடமே விடுகிறார்கள். போட்டி இல்லாததால் விலையை அவர் இஷ்டத்துக்கு விட முடியாது. பெரும்பாலான நாடுகளில் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் கணக்கைப் பார்த்து நிர்ணயிக்கிறது. கட்டணம் மாறும் முன்பு பல இடங்களில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டங்களில் வீட்டுக்காரர்கள் உட்கார வேண்டிய நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போங்கள்.

பில் கைக்கு வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ரீடிங் உண்மையில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்று. உத்தேசமாகக் குறைத்துப் போட்டிருந்தால், அடுத்த முறை விட்டுப்போன யூனிட்டெல்லாம் மொத்தமாக ஏறும். கட்டணம் ஸ்லாப் முறையில், அதாவது யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் முறையில் இருந்தால், அந்த மொத்தம் உங்களை மேல் ஸ்லாப்புக்குத் தள்ளிவிடும். அப்போது மாதவாரியாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, எத்தனை நாளுக்கான பில் என்று. 28 நாள் பில்லையும் 34 நாள் பில்லையும் அப்படியே ஒப்பிடாதீர்கள், நாளுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் பில்லை வாங்கி மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். அனுமதிக்கப்பட்ட மின்பளு 7 கிலோவாட் என்று இருந்தது. பிள்ளைகள் கூட இருந்த காலத்தில் இரண்டு ஏசி, ஒரு ஹீட்டர் என்று வாங்கிய இணைப்பு. இப்போது அவர் தனியாக இருக்கிறார். ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், நாலு பல்பு. நிலைக்கட்டணமோ இன்னும் அந்த 7 கிலோவாட்டுக்கே வந்துகொண்டிருந்தது. மின்பளுவை 2 கிலோவாட்டாகக் குறைக்க அங்கேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம்.

அப்புறம் ஒருமுறை அவரே தேடிக்கொண்டு வந்தார். அந்த வரியில் தொகை இறங்கியிருந்தது. கையில் இன்னொரு பில்லும் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரருடையதாம். “இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.