ஒற்றைக் கைச் சாமியார் வாங்கிய சொல்

(தங்கச்சிமடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

1985-இல் எனக்குப் பத்து வயது. பாம்பனில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். இருட்டோடு இருட்டாக இலங்கையின் மன்னார்ப் பக்கமிருந்து, போருக்குத் தப்பி வந்தவர்களோடு படகு வரும். இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். கரையேறியவர்களுக்குச் சோற்றுக்கு முன்னால் உலர்ந்த துணிதான் தேவைப்பட்டது. அம்மா தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வருஷம் ஈஸ்டர் பூசைக்குச் சாயம் போன சேலையில் போனார். இங்கே இருக்கிற பல வீடுகளிலும் இப்படி ஒரு சேலைக் கதை இருக்கும்.

அடைக்கலம் என்றால் வந்தவருக்குக் கதவைத் திறப்பதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இலங்கையில், மன்னார்ப் பக்கத்து மடுவில் நடந்தது அந்த நினைப்பை உடைத்தது. 1999 நவம்பர் 20. மடு மாதா கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். கோயில் கதவு திறந்துதான் இருந்தது. அதற்கும் முன்னால், 1985 ஜனவரியில், அதே மன்னார்ப் பக்கத்து வங்காலையின் பங்குச் சாமி மேரி பஸ்தியான் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கேயும் கதவு திறந்துதான் இருந்தது. அப்படியானால் கதவுக்கு வெளியே இருப்பவனிடம் என்ன செய்வது? ‘இந்த இடத்தில் சுட மாட்டேன்’ என்று அவன் வாயால் சொல்ல வைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அப்படிச் சொல் வாங்கிய ஒரு சாமியாரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ரொபேர் ஜாக்கினோ. 1878-இல் பிரான்சில் பிறந்தவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் குரு. இயேசு சபை என்றதும் நமக்கு ஓரியூர்ப் புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) நினைவு வரும். 1693-இல் ஓரியூர் மணலில் வெட்டுண்டவர். அதே சபையிலிருந்து 1913-இல் சீனாவின் ஷாங்காய் நகருக்குப் போனவர் ஜாக்கினோ. ஒரு வெடி விபத்தில் வலது கை போய்விட்டது. அப்புறம் கடைசிவரை ஒற்றைக் கைதான். சீனம் பேசுவார், ஜப்பானியமும் பேசுவார். பின்னால் லட்சக்கணக்கான உயிரைக் காத்தது அந்த நாக்குதான் என்பேன்.

1932-இல் ஷாங்காயில் ஜப்பானியப் படையும் சீனப் படையும் மோதியபோது, நடுவில் சிக்கிய மக்களை வெளியே கொண்டுவர இரண்டு பக்கமும் பேசி 4 மணி நேரம் சண்டையை நிறுத்தி வைத்தார். நாலே மணி நேரம்! நம் ஆட்கள் கடலில் ஒரு தடவை வலை இழுக்கிற நேரம்.

1937-இல் மறுபடி சண்டை, இந்த முறை பெரும்போர். பிரெஞ்சுக்காரர் ஆட்சி செய்த பகுதியின் இரும்புக் கதவுகளுக்கு வெளியே சனம் நெருக்கியடித்து நின்றது. உள்ளே இடமில்லை என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். ஜாக்கினோ அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், நன்ஷி என்ற பழைய சீன நகரத்தின் வடபகுதியை எடுத்துக்கொண்டார். இதற்குள் ஆயுதம் வராது, படை முகாமிடாது, நீங்களும் தாக்கக் கூடாது என்று சீன அதிகாரிகளிடமும் ஜப்பானியரிடமும் மாறி மாறிப் பேசினார். நேருக்கு நேர் உட்காராத இரண்டு தரப்புக்கும் நடுவில் இவர்தான் போய்வந்தார். நவம்பர் 9 நண்பகலில் அந்தப் பகுதி பாதுகாப்பு வட்டாரமாக நடப்புக்கு வந்தது. சில நாளில் சீனப் படை பின்வாங்கி, சுற்றிலும் ஜப்பானியர் கைக்குப் போன பிறகும் வட்டாரம் நின்றது. 1940 ஜூன் வரை நடந்தது. சுமார் 2,50,000 பேர் அதற்குள் உயிர் பிழைத்தார்கள் என்பது கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நம் ராமேஸ்வரம் நகரத்தின் மக்கள்தொகை 45,000-ஐக்கூடத் தொடவில்லை. அப்படி ஐந்து ராமேஸ்வரத்தை ஒரு பழைய ஊரின் சந்துகளில் வைத்து அரிசி, குடிதண்ணீர், கக்கூஸ், வைத்தியம் எல்லாம் பார்க்க வேண்டும். 1938-இல் அமெரிக்கா வரை போய் இதற்காகப் பணம் திரட்டினார்.

ஜப்பானியரோடு இவ்வளவு இணக்கமாகப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரைப் பிடித்தவனிடம் சிரித்துப் பேசுவது பார்ப்பவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மாதமே, ஜப்பானியர் பிடித்த இன்னொரு சீன நகரமான நான்ஜிங்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஷாங்காயைப் பார்த்து அங்கேயும் ஒரு வட்டாரம் அமைத்தார்கள். ஜான் ராபே என்ற ஜெர்மன் வியாபாரி தலைமை. ஜப்பானியர் அதை முறையாக ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கேயும் இரண்டு லட்சம் பேருக்குமேல் ஒதுங்கினார்கள், பெரும்பாலோர் தப்பினார்கள். ஆனாலும் ஜப்பானியப் படையினர் வட்டாரத்துக்குள் புகுந்து ஆண்களை இழுத்துப்போய்க் கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். தைரியத்தில் ராபே எவருக்கும் குறைந்தவரில்லை. அவருக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஜாக்கினோ சிரித்ததை நான் குறைசொல்ல மாட்டேன்.

1949-இல் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்த யோசனை சட்டமாக எழுதப்பட்டது. சண்டை நடக்கிற இடத்திலேயே சாதாரண மக்களுக்கு நடுநிலைப் பகுதி அமைக்கலாம், அதை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்கிறது 15-ஆவது பிரிவு. அந்தப் பிரிவுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் எழுதிய விளக்கவுரை ஷாங்காயையும் இந்தச் சாமியாரையும் எடுத்துச் சொல்கிறது. சட்டம் வந்து ஐம்பது வருஷம் கழித்துத்தான் மடுவில் எறிகணை விழுந்தது என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சட்டம் வந்ததை அவர் பார்க்கவில்லை. போர் முடிந்து இடிந்து கிடந்த பெர்லினுக்கு, அகதிகளுக்கு உதவப் போயிருந்தார். 1946 செப்டம்பரில் அங்கேயே இறந்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாசலில் மேசைமேல் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். அந்த ராத்திரிகளில் எந்தக் கரையில் யார் இறங்கினார்கள், யார் துணி கொடுத்தார்கள், மண்டபம் அகதி முகாமுக்குப் போகும்வரை யார் வீட்டில் இருந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் அம்மாவின் சேலைகளைப் பற்றி எழுதி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.