ழ இல்லாத ஸ்டிக்கரும் வேடியப்பன் கல்லும் | எங்க பசங்க வலைப்பூ, ரெண்டாவது மாசம்

வணக்கங்க. இன்னிக்கு சுக்கு காபி கூட போடல, நேரா வந்து திண்ணையில உக்காந்துட்டேன். மனசு நிக்கலங்க. சாயங்கால வகுப்புப் பசங்களுக்கு வலைப்பூ ஆரம்பிச்சேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அதுல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் தன்னோட பதிவை நேத்து ராத்திரி நாலாவது தடவையா திருத்தியிருக்கான். நான் திருத்தச் சொல்லவே இல்லங்க! நான் சிவப்பு மையில சுழிச்சுக் கொடுத்த நோட்டை ஒரு நாளும் அவன் திரும்பிப் பாத்ததில்ல. அவன் தானாவே நாலு தடவை திருத்தியிருக்கான்.

இருங்க, அதுக்கு முன்னாடி ஸ்டிக்கர் கதையைச் சொல்லிடறேன். அதைச் சொல்லலன்னா எனக்கு ஆறாது.

மூணு பழைய கீபோர்டு வச்சிருக்கோம்ல, அதுக்குத் தமிழ்99ங்கிற கீபோர்டு அமைப்போட எழுத்து ஸ்டிக்கர் வாங்கலாம்னு போன வாரம் அரூர்லருந்து தருமபுரிக்குப் போனேன். ஒரு கம்ப்யூட்டர் கடையில தாள் 80 ரூபா. மூணு தாள், 240. பேரம் பேசினேன், பத்து ரூபா கூட குறைக்கல. சரி, பிள்ளைங்களுக்குத்தானேன்னு கொடுத்துட்டு வந்தேன். வீட்ல வந்து ஒவ்வொண்ணா உரிச்சு ஒட்டுறேன், அ ஒட்டியாச்சு, க ஒட்டியாச்சு, கடைசில பாத்தா ழ இல்ல. ஒரு தாள்ல இல்லன்னா விடலாம், மூணுலயும் இல்ல. ள ரெண்டு ரெண்டா இருக்கு. தமிழ்ங்கிற வார்த்தையையே அடிக்க முடியாத தமிழ் ஸ்டிக்கருங்க! போன் போட்டுக் கேட்டா, "அந்த எடத்துல ள ஒட்டிக்கோங்க மேடம், யாரு பாக்கப் போறா"ங்கிறாரு. பசங்க பாப்பாங்க! நான் இங்க மழைக்கும் மலைக்கும் வித்தியாசம் சொல்லித் தர வருஷக்கணக்கா தொண்டத் தண்ணி வத்திப் போய் நிக்கறேன், இவர் யாரு பாக்கப் போறாங்கிறார். அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கல. அப்பறம் வெள்ளை நெயில் பாலிஷை எடுத்து, கேள்விக்குறி இருக்கிற சாவி மேல நானே ழ எழுதிட்டேன். மூணு கீபோர்டுலயும். காஞ்சதும் பாருங்க, அச்சடிச்ச எழுத்தை விட அழகா இருக்கு. கிட்ட காட்டறேன்... தெரியுதா? அந்தச் சுழி பாருங்க.

ஏன் தமிழ்99தான்னு கேப்பீங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்ல வகுத்த அமைப்புங்க இது. எடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய். க-வை ரெண்டு தடவை தட்டினா முதல் க-வுக்குப் புள்ளி தானா விழுந்து 'க்க' ஆயிடும். ந, த தட்டினா 'ந்த'. அம்மான்னு அடிக்க இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி யோசிக்கிற பிள்ளை இங்கிலீஷ்லதான் யோசிக்குது. தமிழ்99ல அடிக்கிற பிள்ளைக்கு உயிரும் மெய்யும் விரல்லயே பதியுது. எனக்கு இதுல மாத்துக் கருத்தே கிடையாது. குரல்ல சொல்லி அடிக்கிறதும் வசதிதான், வேலைக்குப் போற ஆளுங்களுக்கு. எழுதப் பழகற பிள்ளைக்கு வேண்டாம்.

ஆங், மறந்துட்டேன், இன்னொரு சிக்கலும் வந்துச்சு. ஒரு பொண்ணோட அப்பா ஆசையா அவ கட்டுரையை டிடிபி கடையில கொடுத்து அடிச்சுட்டு வந்தாரு. அதை எடுத்து வலைப்பூல ஒட்டினா முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் கிறுக்கல். அவ கண்ணு கலங்கிடுச்சு. பாமினி எழுத்துருல அடிச்சிருக்காங்க. அந்த மாதிரிப் பழைய எழுத்துருல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்சிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல வேஷம் கலைஞ்சு போயிடும். ஒருங்குறியில, அதான் யூனிகோடுல, தமிழ் எழுத்துக்குன்னே தனி எண்கள் இருக்கு, அதனால எந்தப் போன்லயும் தமிழ் தமிழாவே வரும். மாத்தித் தர்ற கருவி இணையத்துலயே இலவசமா இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. பசங்களுக்கு இதையே ஒரு பாடமா எடுத்துட்டேன்.

இப்ப பையன் கதைக்கு வர்றேன்.

எங்க பக்கம் நெறைய ஊர்ல வேடியப்பன் கோயில் உண்டு. உள்ள இருக்கிறது பல எடத்துல பழைய நடுகல்லுதான். ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்றப்பவோ மீட்கறப்பவோ செத்த வீரனுக்கு நட்ட கல்லு, இன்னிக்குச் சாமியா நிக்குது. இவன், "எங்க ஊரு வேடியப்பன் கையில வில்லு வச்சிருக்காரு, ரொம்ப சக்தி உள்ள சாமி"ன்னு ஆறே வரி எழுதி, ஒரு படம் போட்டான். நானும் நல்லாருக்குடான்னு விட்டுட்டேன். மூணாம் நாள், இதே ஊர்க்காரர், ஓசூர்ல வேலையில இருக்கறவர், கீழ ஒரு கேள்வி போட்டாரு: "தம்பி, கால்கிட்ட மாடு மாதிரி ஏதாவது செதுக்கியிருக்கா? நான் சின்ன வயசுல பாத்த ஞாபகம்."

அவ்வளவுதாங்க. பையனுக்குத் தூக்கம் போச்சு. மறுநாள் காலையில போய்ப் பாத்துட்டு வந்து, எண்ணெய்க்கறுப்புல ஒண்ணும் தெரியலன்னான். சாக்பீஸ் தேச்சா தெரியும்னு கூட்டாளி ஒருத்தன் யோசனை சொன்னான். தேய்க்கவே கூடாது, கல்லு கெட்டுப் போயிடும்னு நான் கண்டிப்பா சொல்லிட்டேன். அதுக்கு நல்ல வழி வெளிச்சம்தான். பொழுது சாஞ்சப்பறம் டார்ச்சைக் கல்லுக்கு நேரா பிடிக்காம, பக்கவாட்டுல, கல்லோட ஒட்டினாப்புல பிடிச்சா, சின்னப் பள்ளம் கூட நிழல் விழுந்து எழும்பி நிக்கும். பூசாரி தாத்தாகிட்ட அனுமதி கேட்டு, செருப்பைக் கழட்டிட்டு, நாலு பசங்க போனாங்க. ரெண்டு மாடுங்க! கொம்போட! ஒருத்தன் கத்தின கத்துல பூசாரி பயந்துட்டாராம்.

அதுக்கப்பறம் பாருங்க, தேட ஆரம்பிச்சுட்டான். செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லுல கோவிவன்னு ஒரு நாயோட பேரே பொறிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சு வந்து எனக்குச் சொல்றான். திருடங்களைக் கடிச்சுக் காவல் காத்த நாய். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு. "நாய்க்கே பேரு எழுதியிருக்காங்க மிஸ், எங்க வேடியப்பன் பேரு என்ன மிஸ்?"ன்னு கேட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதற பிள்ளை இந்தக் கேள்வியைக் கேக்காது. எழுதினதைப் படிக்க ஓசூர்ல ஒரு மனுஷன் காத்திருக்காருங்கிறதுக்காக வந்த கேள்விங்க இது.

இதனாலதான் போன மாசம் ஒரு பயிற்சியில உக்காந்துட்டு எனக்குக் கோவம் வந்துச்சு. முழு நாளும் வினாடி வினா செயலி மட்டும்தான் காட்டினாங்க. கடிகாரம் ஓடுது, பாட்டு கேக்குது, முதல் மூணு பேருக்கு மேடை. மெதுவா யோசிக்கிற பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சுடுது. எனக்கு அந்தக் கடிகாரம் ஆகவே ஆகாது. புதுக் கருவி எல்லாம் வேண்டாம்னு சொல்லல. கொலராடோ பல்கலைக்கழகத்துல இருந்து வர்ற பெட் (PhET), அதாவது கம்ப்யூட்டர்லயே அறிவியல் சோதனை செஞ்சு பாக்கற கருவி, எனக்கு உசுரு. நோபல் பரிசு வாங்கின கார்ல் வைமன் 2002ல தொடங்கினது, தமிழ்லயும் இருக்கு. தரவிறக்கி வச்சுக்கிட்டா இணையம் இல்லாமலே ஓடும். மின்சுற்றுல பல்பைப் பிள்ளை தானே எரிய வச்சுப் பாக்கும், அணைஞ்சா ஏன்னு கேக்கும். கருவின்னா அப்படி இருக்கணும்.

வலைப்பூ பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க, அதையும் சொல்லிடறேன். ஒரே கணக்கு, சாவி என்கிட்ட. பசங்க முழுப்பேரு கெடையாது, முதல் எழுத்து மட்டும். மூஞ்சி தெரியற படம் போட மாட்டேன். வர்ற கருத்தை நான் பாத்து அனுமதிச்சாத்தான் வெளிய தெரியும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான், பெத்தவங்க ஒப்புதல் வேணும். அதனால வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினேன். புளி உலுக்கற நேரம், ஆளே வீட்ல இல்ல, மரத்தடிக்கே போய் வாங்கினது பாதி.

ஓசூர்க்காரரு இன்னிக்கு மத்தியானம் மறுபடி எழுதியிருக்காரு, ஏரிக்கரை ஆலமரத்தடியில பாதி புதைஞ்சு இன்னொரு கல்லு இருந்துச்சுன்னு. பொழுது எறங்கிடுச்சு. அதோ, பசங்க டார்ச்சோட வாசல்ல வந்து நிக்கறாங்க, கேமராவையும் கையில எடுத்துக்கறேன். டேய், செருப்பு போட்டுக்கோங்கடா, அங்க நெருஞ்சி முள்ளு!