பிரிண்டரை நீக்கினாலும் டிரைவர் போவதில்லை

வணக்கம் நேயர்களே. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மாமாவின் ஜெராக்ஸ் கடையிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்; துறைமுகத்திற்குக் கன்டெய்னர் போகும் வழியில் கடை வைத்தால் அதைத் தவிர்க்க முடியாது.

இங்குள்ள லேசர் பிரிண்டர், விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, “டிரைவர் இஸ் அன்அவைலபிள்” என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்தான் டிரைவர். செட்டிங்ஸில் போய் அதை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்த்தால், பழைய குருடி கதவைத் திறடி என்பதுபோல் அதே செய்தி வந்து நின்றது. ஆகவே, பிரிண்டருடன் வந்த வாரண்டி அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். கூகுளில் தேடினால் முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி வாங்கிக்கொண்டு பணம் கேட்கும் மோசடிக்காரர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அப்படிப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

பேசிய பெண், எடுத்த எடுப்பிலேயே டிரைவரைப் பற்றிக் கேட்கவில்லை. “சார், யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரில் இருக்கும் பொத்தானை அழுத்தி டெஸ்ட் பேஜ் எடுங்கள்” என்றார். பக்கம் சுத்தமாக வந்ததால், டோனரிலோ டிரம்மிலோ கோளாறு இல்லை, பழுது கணினிப் பக்கம்தான் என்பது உறுதியாயிற்று. நல்ல மெக்கானிக்கின் கேள்வி அது. பிறகு சர்வீசஸ் பட்டியலில், பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற போல்டருக்குள் தேங்கியிருந்த கோப்புகளை அழித்து, ஸ்பூலரை மீண்டும் ஓடவிடச் சொன்னார். மாட்டிக்கொண்ட பிரிண்டுகள் அதனால் ஒழிந்தன, ஆனால் செய்தி மாறவில்லை.

விஷயம் இதற்கு அடுத்துதான் இருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு பிரிண்டரை நீக்கும்போது பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே போகிறது. டிரைவர் பொதி (பேக்கேஜ்), விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் டிரைவர் ஸ்டோருக்குள் அப்படியே கிடக்கிறது. மறுபடி சேர்க்கும்போது விண்டோஸ் அந்தப் பழுதான பொதியையே எடுத்து மாட்டுவதால், எத்தனை முறை நீக்கினாலும் பலன் இருக்காது. அதை வேரோடு எடுக்க, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, பிரிண்ட்யூஐ என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு முன்சாய்கோடு எஸ், மீண்டும் இடைவெளி விட்டு முன்சாய்கோடு டி2, அதாவது printui /s /t2 என்று கொடுக்க வேண்டும். திறக்கும் பெட்டியில் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரிமூவை அழுத்தினால் இரண்டு வாய்ப்புகள் வரும். “டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்” என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று அது மறுத்தால், ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தி ஓடவிட்ட கையோடு மறுபடி முயலுங்கள்.

அதன்பின் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரை ஓட்டினோம். அது கேட்கும்வரை கேபிளைச் செருகக் கூடாது. முந்திக்கொண்டு செருகினால் விண்டோஸ் தன் கைவசம் உள்ள ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிடும். இப்போது பட்டா நகல்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன.

பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அந்த இன்ஸ்டாலரை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. தனியாக இன்ஸ்டால் செய்துகொள்ளத் தடையில்லை என்றாலும், பழைய மாடல்களுக்கான கோப்பைத் தயாரிப்பாளர் தன் தளத்தில் எத்தனை காலம் வைத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஷேரிங் மூலம் இன்னொரு கணினியில் இதே பிரிண்டரைச் சேர்க்கும்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் பதற வேண்டாம். ஸ்பூலரில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க 2021 ஆகஸ்டில் வந்த அப்டேட்டிலிருந்து அதுதான் வழக்கம்.