வெண்ணெய் கையில் இருக்கிறது

(கூடலூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நகராட்சியிலிருந்து வந்திருக்கும் மதிப்புக்குரிய உறுப்பினர் அவர்களே, மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, முப்பது மாணவிகளை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எங்கள் கிளை நூலகர் அவர்களே, ஓவேலியிலிருந்தும் தேவர்சோலையிலிருந்தும் பந்தலூர், சேரம்பாடியிலிருந்தும் இந்த மழையில் ஜீப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாற்காலி கொடுத்து உதவிய கடைவீதி வியாபாரிகளுக்கும், சுக்குக் காப்பி போட்டுத் தந்த சகோதரிகளுக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கையில் காசில்லாமல் வந்தவர்களின் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கும் கூடலூருக்கும் எத்தனையோ முறை ஏறி இறங்கியவர் அவர். சால்வை வேண்டாம், அந்தப் பணத்துக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள் என்றும் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு கைதட்டல் கொடுப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பிதழில் "நம் நாட்டுச் சட்ட அமைப்பும் இணையத்தில் சட்டம் தேடும் முறையும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான்கு செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். சட்டம் எங்கிருந்து வருகிறது என்பது முதல் செய்தி. அது எங்கே கிடைக்கும் என்பது இரண்டாவது. அதை எப்படி வாசிப்பது, நீதிமன்றத் தீர்ப்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பவை மூன்றும் நான்கும். எங்கள் அப்பத்தா ஒரு பழமொழியை நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார்: "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதே." சட்ட விஷயத்தில் நம் நிலைமை அதுதான்.

நம் சட்டங்களுக்கெல்லாம் தாய் அரசியலமைப்பு. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. எதற்கு நாடாளுமன்றம் சட்டம் போடலாம், எதற்கு மாநிலச் சட்டமன்றம் போடலாம், எதற்கு இரண்டும் போடலாம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காடும் முதலில் அங்கேதான் இருந்தது. 42-ஆவது திருத்தத்தின் மூலம் 1977 ஜனவரியிலிருந்து அது பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதனால்தான் நம் ஊரில் ஒரே வேலிக்குள் இருக்கும் ஒரே தோட்டத்தை வருவாய்த் துறை ஒரு சட்டத்தைக் கொண்டு பார்க்கிறது, வனத்துறை இன்னொரு சட்டத்தைக் கொண்டு பார்க்கிறது. இடையில் நிற்கிறவருக்குத் தலை சுற்றுகிறது.

நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றுவது சட்டம். அதை நடத்திக் காட்ட அரசு எழுதுவது விதிகள். அதற்கும் கீழே அன்றாடக் காரியங்களுக்கு அரசாணை. இனி ஏதாவது அலுவலகத்தில் "சட்டத்தில் இடமில்லை" என்று சொன்னால், "ஐயா, சட்டத்திலா, விதியிலா, அரசாணையிலா? எண்ணும் ஆண்டும் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்று வீட்டுக்கு எடுத்துப் போனாலும் எனக்குத் திருப்தி.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு பெருமையான செய்தி. இந்தியாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் நம் கூடலூரைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. ஜென்மம் என்பது பரம்பரை நிலவுடைமை. அதை ஒழிக்க வந்த கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் 1969-ஆம் ஆண்டின் 24-ஆவது தமிழ்நாடு சட்டம். 1972-இல் உச்ச நீதிமன்றம் அதில் காடுகளைப் பற்றிய பகுதி செல்லாது என்றது. 1974-இல் 34-ஆவது திருத்தம் கொண்டுவந்து, முழுச் சட்டத்தையும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். நீதிமன்றம் ரத்து செய்யாமல் சட்டங்களைக் காக்க ஏற்பட்ட அட்டவணை அது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தை நீதிமன்றம் தொட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. ஐ.ஆர். கொயெலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அங்கே சேர்க்கப்பட்ட சட்டம், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது யாரும் மாற்ற முடியாத அதன் அடித்தளத்தைச் சிதைத்தால் நிற்காது என்பது அந்தத் தீர்ப்பு. இன்னொன்று கோதவர்மன் வழக்கு. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்தவர், நம் பக்கத்துக் காடுகள் அழிவதைப் பொறுக்காமல் 1995-இல் போட்டது. 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காடு என்ற சொல்லுக்கே பொருள் சொன்னது. நாட்டையே அசைத்த இரண்டு வழக்குகள் ஒரே தாலுகாவிலிருந்து போயிருக்கின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

இந்த இடத்தில் ஒரு பெரியம்மாவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்காருவேன். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை, நல்ல மழை, ஒரு பெரியம்மா வந்தார். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை. பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் இன்னொரு பை, அதற்குள் லேமினேட் செய்த ஆறு தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் குங்குமம், மஞ்சள். "எங்க வீட்டுப் பத்திரம் சார். சாமி மாடத்துல முருகன் படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்" என்றார். கொடுத்த தரகருக்கு மூவாயிரம் ரூபாய் தந்தாராம். ஒரு மழைக்காலத்தில் இவர்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்திருக்கிறது. நடுராத்திரி. மருமகள் குழந்தையைத் தூக்கியிருக்கிறார், மகன் ஆட்டை அவிழ்த்திருக்கிறார். இந்த அம்மா திரும்ப உள்ளே போயிருக்கிறார். காதுக் கம்மல் டப்பா பக்கத்திலேயே இருந்ததாம், அதை எடுக்கவில்லை. அந்த ஆறு தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். முழுக்க ஆங்கிலம். மேலே அரசு முத்திரை. பெயர் இல்லை, சர்வே எண் இல்லை, அளவு இல்லை. அது கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் முதல் ஆறு பக்கங்கள். இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்த நகல். ஒரு பைசா செலவில்லாமல் யாருக்கும் கிடைக்கிற காகிதம். அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை படித்ததுபோலப் பாவனை செய்தேன். கடைசியில் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்போ இது என் வீடு இல்லையா சார்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, இதுல என்னதான் எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நானும் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைதான். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியபோது என் தகப்பனார் சட்டைப் பைக்குள் தைத்து வைத்திருந்தது குடும்ப அட்டை என்ற ஒரு காகிதத்தைத்தான். காகிதம் தொலைந்தால் மனிதனே தொலைந்தான் என்று பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அந்த அம்மாவின் குங்குமத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சுதான் அடைத்தது.

நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து அந்தச் சட்டத்தை அவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் பதினொரு பேர். பிரிவு 17 என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது குத்தகையில் இருந்த தோட்ட நிலங்களைப் பற்றிய பிரிவு என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அந்த அம்மாவை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பினோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தாய்மார்களே, பெண் என்ற ஒன்றே போதும். தொலைபேசி எண் 15100. எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மூவாயிரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கையில் வெண்ணெய், அலைந்தது நெய்க்கு.

இரண்டாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இந்தியா கோட் என்ற அரசுத் தளம். அரசாணைகள் தமிழ்நாடு அரசின் தளத்தில் துறை வாரியாக இருக்கின்றன. உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இ-கோர்ட்ஸ். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும், அதற்காக ஊட்டிக்குப் பஸ் ஏற வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர். 2008 முதல் இருக்கும் இந்தியன் கானூன் தளத்திலும் தேடலாம். எல்லாமே இலவசம்.

மூன்றாவது, வாசிப்பது. முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நானூற்றிருபது என்று நாம் சொல்லிப் பழகிய மோசடி இப்போது 318-ஆவது பிரிவு. வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தைப் பார்த்துப் புகார் எழுதினால் எண் தவறிவிடும். இதற்கு மேல் விவரமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

1951-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஹர்லா என்ற ஒருவரின் வழக்கு வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் போட்ட அபினிச் சட்டத்தின் கீழ் அவருக்கு 50 ரூபாய் அபராதம். அந்தச் சட்டத்தை மந்திரிகள் தீர்மானமாகப் போட்டார்களே தவிர, எங்கும் வெளியிடவில்லை. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, மக்கள் அறிய வழியே இல்லாத சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, தண்டனையை ரத்து செய்தது. ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போன அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வெளியிட்டால் மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி. அரசியலமைப்பின் 348-ஆவது உறுப்பின்படி நம் மாநில உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலம்தான். அதை மாற்றும் வேலையைப் பெரியவர்கள் பார்க்கட்டும். அதுவரை பணியர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் அவருடைய கிராம சபைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று யார் படித்துச் சொல்வது? இந்த மலைக்குளிரில் வெண்ணெய் கையில் இருந்தாலும் கல்லாக உறைந்து கிடக்கிறது. உருக்க ஓர் அடுப்பு வேண்டும். அந்த அடுப்பு நூலகம்தான்.

1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம் மாகாணம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எவ்வளவோ உழைத்தார். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தேதான் போகிறது. ஆகவே நான் கேட்பது தானம் அல்ல. நீலகிரியின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு சட்ட மேசை வேண்டும். ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம், இந்த மலைக்குத் தேவையான பத்துச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகள். ஜென்மம் ஒழிப்புச் சட்டம், வன உரிமைச் சட்டம், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், தகவல் உரிமைச் சட்டம் என்று தொடங்கலாம். சனிக்கிழமை ஒரு நாள், சட்டப் பணிகள் ஆணையம் பயிற்சி கொடுத்த தன்னார்வலர் ஒருவர் வந்து உட்கார வேண்டும். அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நூலகமும் இருக்கிறது. நாற்காலி ஒன்றுதான் போட வேண்டும். நகராட்சி உறுப்பினர் அவர்களே, வழக்கறிஞர் ஐயா அவர்களே, உங்கள் முன்னிலையில் இதைக் கேட்கத்தான் இன்று நான் இந்த மேடைக்கு வந்தேன்.

நான்காவது செய்திக்கு நேரமில்லை, செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். சேரம்பாடி வண்டியும் போய்விடும். கதவுக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது, மூன்று பக்கம், தமிழில். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு இந்த மாணவிகள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவார்கள். வாசித்து முடிக்கும்வரை யாரும் கைநாட்டு வைக்க வேண்டாம். வணக்கம்.