குடிநீர் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு நாலைந்து கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் இந்த ஒரு கேள்வி இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. மற்றதெல்லாம் அடுத்த வாரம்.

நேயர் எழுதியிருக்கிறார்: "ஐயா, எங்கள் வீடு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. 1994-ல் அப்பா குடிநீர் இணைப்பு வாங்கினார். அந்த உரிமத்தை இதுவரை நாங்கள் புதுப்பித்ததே இல்லை. தரகர் ஒருவர் வந்து, லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது, புதுப்பிக்காவிட்டால் குழாயைத் துண்டித்துவிடுவார்கள், பணம் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன் என்கிறார். உண்மையா?"

உண்மை இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு உபயோகக் குடிநீர் இணைப்புக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற உரிமம் என்று ஒன்று கிடையாது. அப்பா விண்ணப்பம் கொடுத்தார், வைப்புத்தொகை கட்டினார், ரோட்டைத் தோண்டி இணைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கட்டணம் ஒழுங்காகக் கட்டும் வரை அது பாட்டுக்கு இருக்கும். புதுப்பிக்க வேண்டியது கடைக்காரர்கள் எடுக்கிற தொழில் உரிமம். அதற்குக் கெடு உண்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பித்தான் அந்தத் தரகர் பிழைப்பு நடத்துகிறார் போலிருக்கிறது. அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, குழாயைத் துண்டிக்கவே மாட்டார்களா? துண்டிப்பார்கள். கட்டணம் நிலுவையில் இருந்தால் துண்டிக்கலாம். வீட்டுக்கு வாங்கிய இணைப்பை ஹோட்டலுக்கோ வாட்டர் சர்வீஸ் கடைக்கோ பயன்படுத்தினால் நடவடிக்கை வரும், ஏனென்றால் வீட்டுக் கட்டணம் வேறு, வணிகக் கட்டணம் வேறு. முன்னறையை மட்டும் கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதை ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மோட்டார். மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பும் போகும். பழைய காணொளிகளில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இன்னொரு முறையும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறையும் என்பது மட்டும் இல்லை விஷயம். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துபோகும். அந்த நேரத்தில் எங்கேயாவது ஒரு ஜாயின்ட் கசிந்துகொண்டிருந்தால், அதன் வழியாக மண்ணில் தேங்கி நிற்கிற சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். சாதாரணமாகக் கசிகிற இடத்தில் தண்ணீர் வெளியே வரும், மோட்டார் போட்டால் அசுத்தம் உள்ளே வரும். அதைத்தான் தெருவே குடிக்கிறது. மோட்டார் போட்டவரும் சேர்த்துத்தான் குடிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாங்கிய இணைப்பு என்கிறீர்கள். அப்பா இருக்கிறாரா என்று எழுதவில்லை. இருந்தால் நூறாண்டு இருக்கட்டும். இல்லை என்றால், நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. புதுப்பிக்க வேண்டுமா என்பது இல்லை, பெயர் மாற்ற வேண்டுமா என்பதுதான். மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். குழாய் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் இருபது வருஷம் தாண்டிவிட்டது. தண்ணீர் வருகிறது, பணம் கட்டுகிறோம், ரசீது தாத்தா பெயரில் வருகிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட உண்டு, ரசீதிலாவது அவர் பெயர் இருக்கட்டும் என்பார். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோதுதான் சிக்கியது. சொத்து வரி அப்பா பெயரில், குடிநீர் தாத்தா பெயரில், விண்ணப்பம் போட்டது அம்மா. மூன்றும் மூன்று பெயர். மனு திரும்பி வந்தது. இதில் தாத்தாவின் இனிஷியல் வேறு. பத்திரத்தில் தமிழில் "சு." என்று இருக்கிறது, ரசீதில் ஆங்கில எழுத்தைக் கேட்டு எழுதி "எஸ்." ஆகிவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அப்பா எட்டு மாதம் நடந்தார். செருப்புத் தேய்ந்தது என்பார்களே, நிஜமாகவே ஒரு ஜோடி போனது.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அலுவலகம் பதில் சொல்லும். நீங்கள் முப்பது வருஷமாகப் பணம் கட்டியிருக்கலாம், கவுன்டரில் இருப்பவருக்கு நீங்கள் மூன்றாம் மனிதர்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் சொத்து வரிப் பெயரை மாற்றுங்கள். அப்பா இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் கொடுப்பது, இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாகப்பிரிவினையோ செட்டில்மென்ட்டோ பதிவு செய்திருந்தால் அந்தப் பத்திரம். நிலுவை இல்லாமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பிறகு குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சொத்து வரிக்கு ஒரு எண், குடிநீருக்கு வேறு எண். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறியிருக்கும் என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் டிஎன் அர்பன் இ-பே என்ற அரசு இணையதளத்தில் எண்ணைப் போட்டால் நிலுவை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சென்னையில் அலுவலகமே இரண்டு. சொத்து வரி மாநகராட்சிக்கு, தண்ணீர் மெட்ரோ வாட்டருக்கு. அங்கே குடிநீர், கழிவுநீர் வரி என்று சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் தனியாக உண்டு. இணைப்புக்குக் கட்டுகிற கட்டணம் அதற்கு மேல். கட்டணத்தைக் கட்டிவிட்டு வரியை மறந்தவர்கள் நிறையப் பேர்.

உடனே ஒருவர் கேட்பார், வரி ரசீது என் பெயருக்கு வந்தால் வீடு எனக்கா என்று. இல்லை. வரி ரசீது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. தங்கை பங்கு தங்கைக்குத்தான். பெயர் மாற்றத்துக்குப் போகும்போது அவர் சம்மதக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்.

இன்னொன்று, 1994-ல் அப்பா கட்டிய வைப்புத்தொகை ரசீது. பழைய பீரோ, டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள். எங்கள் தாத்தாவுடையது பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. அதில் "சு." என்று தமிழில் தெளிவாக எழுதியிருந்தது. எட்டு மாத அலைச்சலுக்கு அப்புறம்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.