சந்தேகங்களுக்கு விளக்கம்: பைக்கற் வடிவாக இருந்தும் கடையில் ஏன் எடுபடவில்லை?

வணக்கம் எல்லாருக்கும். இந்தமுறை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுக்கப்போகிறேன், வாசித்த நேரத்திலிருந்து அது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் வறுத்த கறித்தூள் செய்து விற்கிறார். "அண்ணா, வாங்கின ஆட்கள் எல்லாரும் தூள் நல்லது என்றுதான் சொல்லுகினம், ஆனால் கடையில் வைத்தால் மற்றப் பைக்கற்றுகளுக்குள்ளே காணாமல் போகுது. தங்க எழுத்துப் போட்டு, மினுக்கம் இல்லாத மற் பினிஷ் அடித்தால் எடுபடுமா?" இதுதான் கேள்வி, படமும் அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, படத்தைப் பார்த்தேன், பைக்கற் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மேசையில் தனியாக வைத்து எடுத்த படம். கடையில் அது தனியாக நிற்பதில்லையே. நீங்கள் சரக்குக் கொடுக்கிற கடைக்குப் போய், வாங்க வருகிற ஆள் எங்கே நிற்பாரோ அங்கே நின்று போனில் ஒரு படம் எடுங்கள். அதைப் பெருப்பிக்காமல் பாருங்கள். கறித்தூள் தட்டு முழுக்கச் சிவப்பாக இருக்கும். தூள் சிவப்பு என்பதால் எல்லாரும் சிவப்புத்தான் அடிக்கிறார்கள், மேலே காய்ந்த மிளகாய், கீழே ஒரு சட்டி கறி. உங்களுடையதும் சிவப்பு, மிளகாய், சட்டி. பிறகு எப்படித் தனியாகத் தெரியும்? பக்கத்தில் இருக்கிறது என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் எங்களுடைய நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். நான் என்றால் கறிவேப்பிலையின் கரும்பச்சையை எடுப்பேன்.

சரி, இப்போது நான் ஒவ்வொரு காணொளியிலும் சொல்கிற விசயத்துக்கு வருகிறேன், பழைய ஆட்களுக்கு இது பாடமாகியிருக்கும். பைக்கற் கடைக்காரரிடம் வாயால் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் படிக்கிற டிசைன் பாடங்களில் பெரும்பாலானவை ஆள் தானே கையை நீட்டி எடுக்கிற சுப்பர்மார்க்கெட்டை நினைத்து எழுதினவை. திருகோணமலை டவுனுக்குள் அது சரி. தம்பலகாமம், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் உள்ளுக்குப் போனால் சாமான் எல்லாம் முதலாளிக்குப் பின்னால் இருக்கும். நடுவில் ஒரு மேசை, மேசையில் ரொபிப் போத்தல்கள், மேலே தொங்குகிற வாழைக்குலை, மிக்சர் சரம், இவ்வளவுக்குள்ளாலும் எட்டிப் பார்த்துத்தான் ஒரு ஆள் சாமான் கேட்க வேண்டும். அந்த இடத்தில் தங்க எழுத்து என்ன செய்யும்?

திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கடையில் நான் நின்றபோது ஒரு அம்மா வந்தார். கம்பனிப் பெயர் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, அந்தக் கிளி போட்டது ஒன்று தாங்கோ" என்றார், அவ்வளவுதான். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்ற சின்னப் பொடியன் "மஞ்சள் மூடி" என்றான், அதற்கும் ஒரு போத்தல் வந்தது. அந்தக் கிளியும் அந்த மூடியும்தான் டிசைன். உங்கள் பைக்கற்றை உங்கள் அம்மா ஒரு பிள்ளையிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொல்வதென்றால் என்ன சொல்லி அனுப்புவார்? அதற்குப் பதில் வரவேண்டும். பெரிய கம்பனிகளும் இதைத்தான் யோசித்திருக்கின்றன. 1915 இல் கொக்கா கோலாவுக்குப் புதுப் போத்தல் வேண்டியிருந்தபோது கண்ணாடிக் கம்பனிகளிடம் கேட்டது என்ன தெரியுமா, இருட்டில் தடவினாலும், உடைந்து நிலத்தில் கிடந்தாலும் இது எங்கள் போத்தல் என்று தெரிய வேண்டும். இந்தியானாவில் றூட் கிளாஸ் கம்பனி செய்து கொடுத்ததுதான் அந்த வளைந்த போத்தல்.

அப்புறம், ஒரு அடையாளம் பிடிபட்டால் அதில் கைவைக்காதீர்கள். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றுப் பெட்டியை மாற்றினார்கள். தோடம்பழத்துக்குள் ஸ்ட்ரோ குத்தின பழைய படத்தை எடுத்துவிட்டு, கிளாசில் சாறு இருக்கிற மாதிரி நவீனமாகப் போட்டார்கள். உள்ளே இருந்தது அதே சாறுதான். விற்பனை கிட்டத்தட்ட 20 வீதம் விழுந்தது, அடுத்த மாதமே பழைய பெட்டிக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். வழக்கமாக வாங்குகிற ஆட்களுக்குத் தட்டில் அவர்களுடைய பெட்டியைக் காணவில்லை, அதுதான் நடந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிற கேள்வி, வெயில். எங்களுடையது கிழக்குக் கரை. கிழக்குப் பார்த்த கடை என்றால் காலை வெயில் நேரே தட்டில்தான் விழும். முன்வரிசையில் நாள்பட்டு நிற்கிற பைக்கற்றுகளைக் கவனித்திருக்கிறீர்களா, எல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். அச்சில் வழக்கமாக நாலு மை, சியான் என்கிற நீலம், மஜெந்தா என்கிற ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இதில் மஜெந்தாவும் மஞ்சளும்தான் வெயிலுக்கு முதலில் வெளிறுகிறவை. சிவப்பு அந்த இரண்டும் சேர்ந்து வருகிற நிறம், அதனால் கறித்தூள் பைக்கற்தான் முதலில் அடிபடும். சட்டிக்குள் நீல நிறத்தில் கறி கிடந்தால் பழைய சரக்கு என்றுதானே ஆட்கள் நினைப்பார்கள்? பச்சையிலும் மஞ்சள் இருக்கிறது, அதுவும் நீலப் பக்கம் போகும்தான், ஆனால் கரும்பச்சையில் கறுப்பு இருப்பதால் அவ்வளவு கேவலமாகத் தெரியாது. அச்சகத்தில் வெயிலுக்கு நிற்கிற மை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தூள் தெரிகிற மாதிரிப் பைக்கற்றின் முன்னால் பெரிய ஜன்னல் வைத்திருக்கிறீர்கள், அதையும் குறையுங்கள், வெளிச்சம் பட்டால் மிளகாயின் நிறமே மங்கும். ஜன்னல் வேண்டும் என்றால் பின்பக்கம் சின்னதாகப் போதும்.

பெயரை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுப்பர்மார்க்கெட் தட்டின் விளிம்பு பைக்கற்றின் அடியை மறைக்கும், சின்னக் கடையில் மேல்முனையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். அதனால் பெயரும் படமும் நடுவில்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மற் பினிஷ் நல்லது, ரியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்து மினுங்காது, தூரத்திலிருந்து வாசிக்கலாம், காசு இருந்தால் செய்யுங்கள். தங்க எழுத்து வேண்டாம், அந்தக் காசை மைக்கும் ஓரம் ஒட்டுகிற சீலுக்கும் போடுங்கள். புதுப் பைக்கற் அடிக்க முதல் அச்சகத்தில் ஒரே ஒரு மாதிரி எடுத்து, கடையில் மற்றதுகளுக்கு நடுவில் வைத்து, தூர நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த காணொளியில் அதைப் பார்ப்போம்.