போகம்பரை: ஒரே தரையில் எத்தனை ஆட்டங்கள்

வணக்கம் நண்பர்களே. கண்டி போகம்பரை விளையாட்டரங்கின் வேலியோரம் நின்று பேசுகிறேன். மலைநாட்டில், அதுவும் நகரத்தின் நடுவே, இவ்வளவு பெரிய சமதரை கிடைப்பது அரிது. அதனால்தான் உதைபந்தாட்டக் கழகங்களும், றகர் (ரக்பி) அணிகளும், மெய்வல்லுநர் போட்டி நடத்தும் பாடசாலைகளும், மேடை போட இடம் தேடும் அரசியல் கட்சிகளும் இதே இடத்தைக் கேட்டு வருகின்றன. இத்தனை பேருக்கும் ஒரு தரை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி அமைக்கப்படும் 400 மீற்றர் ஓட்டப்பாதையில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.5 மீற்றர், ஆகவே உள்ளே எஞ்சும் புல்தரையின் அகலம் 73 மீற்றர் மாத்திரமே. 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உள்ள உதைபந்தாட்டத் திடல் அதற்குள் மட்டுமட்டாக அடங்கிவிடும். றகரில்தான் சிக்கல்: கோல் கோட்டுக்கு அப்பாலும் வீரர் பாய்ந்து விழுவதற்கு இடம் விடவேண்டியிருப்பதால், அந்தப் பகுதியின் மூலைகள் வளைவில் ஏறி ஓட்டப்பாதையைத் தொட்டுவிடுகின்றன.

கிரிக்கெட்டை இங்கே நினைத்தும் பார்க்க முடியாது. ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு ஏறக்குறைய 59 முதல் 82 மீற்றர் வரை தள்ளியிருக்க வேண்டும். அத்துடன், களிமண்ணை இறுக்கிச் செய்த ஆடுகளத்தின் மேல் பூட்ஸ் ஆணிகளோடு உதைபந்தாடினால் இரண்டு ஆட்டமும் கெட்டுப்போகும். அதனாலேயே கண்டியில் கிரிக்கெட் தனி வீடு தேடிக்கொண்டது. நம்மூர் முத்தையா முரளிதரன் 2007 டிசம்பரில் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனை படைத்தது கண்டி அஸ்கிரிய மைதானத்தில். 2010 டிசம்பரிலிருந்து டெஸ்ட் ஆட்டங்கள் பல்லேகலைக்குப் போய்விட்டன.

பல்லேகலை அழகான அரங்குதான், மறுக்கவில்லை. ஆனால் சர்வதேச ஆட்டம் இல்லாத நாளில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அங்கே போய் என்ன செய்வது? தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு முன்னால் உள்ள சரிவில், பந்து தேயிலைக்குள் உருண்டுவிடுமே என்ற கவலையோடு ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு, போகம்பரை போன்ற பொதுத் திடலில் ஒரு தடவை 400 மீற்றர் ஓடுவதே பெரிய விடயம். ஒரு விளையாட்டரங்கை ஆசனங்களைக் கொண்டு அளப்பதைவிட, ஆட்டமில்லாத நாள்களில் அது யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே சரி என்பது என் கருத்து.

இதோ, கமெராவைக் கோல் கம்பத்தின் பக்கம் திருப்புகிறேன். புல் முழுதும் தேய்ந்து, சிவந்த மண் தெரிகிறது. நேற்றைய மழைநீர் இன்னும் குட்டையாக நிற்கிறது. கோல் காப்பாளர் நிற்கும் இடம் எங்கும் இப்படித்தான் தேயும். ஆனால் இந்த ஈரத்தில் ஒரு றகர் ஆட்டமும் நடந்தால் நடுத்திடலும் உழுத வயலாகிவிடும். பல ஆட்டங்களுக்கான தரைக்குப் புதிய ஆசனங்களைவிட முதலில் வேண்டியது வடிகாலும், புல் மீண்டும் வேர்பிடிக்கச் சில வார ஓய்வுந்தான். ஓய்வு கொடுத்தால் “மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள்” என்று நாமே சத்தம் போடுவோம், அது வேறு கதை.

ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கண்டி நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். குடையை மறக்க வேண்டாம்.